திருச்சியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எத்தனை மைல்? கிளம்புற நேரத்துக்கு முன்னாடியே போய்ச் சேருதே!

பள்ளத்தூர் ஆச்சி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு பள்ளத்தூர், வயசு அறுபத்தேழு. மக பிரீமாண்டுல இருக்கா, சான் பிரான்சிஸ்கோ பக்கம். இந்த வருஷம், நாங்க நகரத்தார் எடுக்கற பிள்ளையார் நோன்புக்கு நீங்க வந்துதான் இழை மாவு பிசையணும்னு ஒரே பிடிவாதம். டிக்கெட்டும் போட்டு அனுப்பிட்டா.

எங்க செட்டியார் இருந்தவரைக்கும் பயணக் கணக்கெல்லாம் அவுக பாடு. ராமேஸ்வரம் போனாக்கூட எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி, எந்த ஸ்டேஷன்ல வண்டி அதிக நேரம் நிக்கும்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிச் சட்டைப் பையில வச்சுக்குவாக. அவுக போயி நாலு வருஷம் ஆச்சு. நான் தனியாப் போறது இதுதான் முதல் தடவை. அந்தச் சீட்டை நானே எழுதுவோம்னு பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். ரெண்டு வரி தாண்டல.

முதல் வரியே தகராறு. தூரம் எவ்வளவுன்னு கொழுந்தன் பேரனைப் பார்க்கச் சொன்னேன். ஒரு இடத்துல 14,200ன்னு போட்டிருக்கு. இன்னொண்ணுல 8,800. வேற ஒண்ணுல 7,670. மாப்பிள்ளையைக் கேட்டா பதினாறாயிரத்து ஐந்நூறு வரும் ஆத்தான்னு சொல்றாரு. ஊரு நகந்துக்கிட்டே இருக்குமா என்ன?

ரெண்டாவது வரி இன்னும் மோசம். டிக்கெட்டுல இருக்கறதை அப்படியே எழுதுறேன். திருச்சியில டிசம்பர் 22 ராத்திரி 11.45க்குக் கிளம்புது. சிங்கப்பூர் 23 காலை 6.25. அங்க இருந்து 23 காலை 9.25க்கு வேற விமானம். சான் பிரான்சிஸ்கோவுல இறங்குறது 23 காலை 8.25. அதாவது சிங்கப்பூர்ல கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அங்க போயிர்றேன். அச்சுப் பிழைதானேன்னு மகளைக் கேட்டா சிரிக்கிறா. 24ஆம் தேதியை 23ன்னு போட்டுட்டாகளோன்னு எனக்கு உள்ளுக்குள்ள பயம். நோன்பு ரெண்டு நாள்ல வந்துரும், ஒரு நாள் தப்பினாலும் வேலை ஓடாது.

இந்த நோன்புக்கும் நாள் கணக்குக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அந்தக் காலத்துல கடல் தாண்டிக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவுக கப்பல் புயல்ல மாட்டிக்கிட்டுதாம். நாள் தெரியாமப் போயிரக் கூடாதுன்னு கட்டியிருந்த வேட்டியில தினம் ஒரு நூல் உருவி வச்சாகளாம். கரை சேர்ந்தப்ப இருபத்தியொரு நூல். அதைத் திரியாத் திரிச்சு மாவுல வச்சு ஏத்தினதுதான் இழைன்னு எங்க அப்பத்தா சொல்லும். அவுக நூலை வச்சே தேதி கண்டுபிடிச்சாக. எனக்கு அச்சடிச்ச டிக்கெட்டு கையில இருந்தும் பிடிபடல.

தெரிஞ்சவுக கொஞ்சம் பொறுமையாச் சொல்லுங்க. விமானம் எந்த ஊர் வழியாப் போகும்னும் சொன்னா நல்லது. என் பள்ளிக்கூடத்து அட்லஸ்ல அமெரிக்கா இடது ஓரத்துல இருக்கு, இவுக என்னை வலது பக்கம் சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போறாக.


கானாடுகாத்தான் பொடியன்:

ஆச்சி, கூகுள்ல போட்டா ரெண்டு செகண்டுல வந்துரும்.


பள்ளத்தூர் ஆச்சி:

போட்டுத்தானப்பா நாலு பதில் வந்து முழிக்கிறேன்.


தேவகோட்டை வாத்தியார்:

ஆச்சிக்கு வணக்கம். நான் முப்பத்தோரு வருஷம் பூகோளம் நடத்தியவன். இவ்வளவு தெளிவாக ஒரு மாணவனும் என்னிடம் சந்தேகம் கேட்டதில்லை, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் உங்கள் நாலு எண்கள். அதில் மூன்று ஒரே தூரம்தான். 14,200 என்பது கிலோமீட்டர். அதையே தரை மைலில் சொன்னால் சுமார் 8,800. கடல் மைலில் சொன்னால் 7,670. கப்பல்காரர்களும் விமானிகளும் இன்றும் கடல் மைலில்தான் பேசுகிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அந்த வலைப்பக்கங்கள் எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு அலகைப் பொடி எழுத்தில் போடும். பரீட்சைத் தாளில் இப்படி எழுதினால் நான் மார்க்கே போட மாட்டேன்.

இந்த 14,200 எங்கிருந்து வந்தது? நோன்புக்கு எடுத்து வைத்த கோடி வேட்டியிலிருந்து ஒரு முழம் நூல் உருவுங்கள். உலக உருண்டை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பேரனின் பந்தில் இரண்டு புள்ளி வைத்தாலும் போதும். நூலின் ஒரு முனையைத் திருச்சியிலும் மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவிலும் பிடித்து இறுக்கி இழுங்கள். நூல் தானாக எந்தப் பக்கம் போய் நிற்கிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. இடது பக்கமும் போகாது, வலது பக்கமும் போகாது. நேரே வடக்கே ஏறும்! பாட்னா பக்கம் போய், திபெத்தைத் தாண்டி, மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, ஆசியாவின் வடகிழக்கு மூலையில் ஆர்க்டிக் வட்டத்துக்குள் நுழைந்து, பெரிங் நீரிணையைக் கடந்து, அலாஸ்கா மேலாக இறங்கும். உங்கள் அட்லஸ் தப்பில்லை. உருண்டையைத் தட்டையாக விரித்தால் வடக்குப் பகுதி இழுபட்டு அகலமாகிவிடும், அதனால் அந்த வழி சுற்று மாதிரித் தோன்றும்.

ஆனால் அந்த நூல் வழியில் உங்களை யாரும் கூட்டிப் போகப் போவதில்லை. திருச்சியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானம் கிடையாது. இருந்தாலும் திபெத் மேலே போக யோசிப்பார்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் சுமார் பத்தாயிரம் அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே அதைவிட உயரம், எங்கே இறங்குவது? ரஷ்ய வானம் 2022க்குப் பிறகு அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. இந்திய விமானங்கள் அந்த வழியில் போயின. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஒரு விமானம் என்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதான் என்ற ஊரில் இறங்கி, பயணிகள் அங்கே தங்க வேண்டி வந்தது.

உங்கள் மாப்பிள்ளை சொன்ன பதினாறாயிரத்து ஐந்நூறுதான் நீங்கள் நிஜமாகப் போகிற தூரத்துக்குப் பக்கம். திருச்சி - சிங்கப்பூர் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். சிங்கப்பூர் - சான் பிரான்சிஸ்கோ ஏறக்குறைய 13,600. கூட்டினால் 16,580. நூல் வழியைவிட 2,400 கிலோமீட்டர் அதிகம். சீட்டில் இதை எழுதுங்கள், மற்றதை அடித்துவிடுங்கள்.

இப்போது நேரம். டிக்கெட்டில் பிழை இல்லை. விமானப் பயணச் சீட்டில் எந்த நேரம் போட்டிருந்தாலும் அது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். பூமி ஒரு மணிக்குப் பதினைந்து பாகை சுற்றுகிறது, அதனால்தான் ஊருக்கு ஊர் நேரம் மாறுகிறது. சிங்கப்பூர் கிரீன்விச்சுக்கு எட்டு மணி முன்னால். சான் பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் எட்டு மணி பின்னால். வித்தியாசம் பதினாறு மணி. பதினாறு மணி பின்தங்கிய ஊருக்கு நீங்கள் பதினைந்து மணியில் போய்விடுகிறீர்கள். ஒரு மணி மிச்சம், அவ்வளவுதான். 23ஆம் தேதி விடிவதை சிங்கப்பூரில் ஒரு தடவை பார்ப்பீர்கள், அமெரிக்காவை நெருங்கும்போது இன்னொரு தடவை பார்ப்பீர்கள். ஒரே தேதிக்கு இரண்டு விடியல். நடுவில் பசிபிக் கடலில் சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டுகிறீர்கள், அதன் வேலை இது.

கடிகாரத்தை நம்பாமல் மணியை மட்டும் எண்ணுங்கள். திருச்சி - சிங்கப்பூர் 4 மணி 10 நிமிஷம் (11.45 முதல் 6.25 வரை கழித்தால் 6.40 வரும், அதில் இரண்டரை மணி நேர வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும்). சிங்கப்பூரில் காத்திருப்பு 3 மணி. பிறகு 15 மணி. மொத்தம் 22 மணி 10 நிமிஷம்.


பள்ளத்தூர் ஆச்சி:

சார், நூலைப் பேரன் ரப்பர் பந்துல வச்சு இழுத்துப் பார்த்தேன். நிஜமாவே மேல ஏறிப் போகுது! முகப்புல உட்கார்ந்து மூணு பேர் வேடிக்கை பார்த்தாக. பதினாறுல பதினைஞ்சு போனா ஒண்ணு மிச்சம்னு சொன்னீங்க பாருங்க, அதுல எனக்கு விளங்கிருச்சு. நன்றி.

பதினைஞ்சு மணி நேரம் ஒரே உட்காரா?


சாக்கோட்டைக்காரன்:

சிங்கப்பூர் எதுக்கு? திருச்சியில இருந்து துபாய் போய் அங்க இருந்து போனா தூரம் கம்மி. நான் கணக்குப் போட்டேன், அறுநூறு கிலோமீட்டர் மிச்சம். பெங்களூர்ல இருந்து நேரா விட்ட விமானம்கூட இருந்துச்சே.


கோட்டையூர்க்காரன் (சிங்கையிலிருந்து):

சாக்கோட்டை அண்ணே, தூரம் நீங்க சொல்றது சரி. துபாய் 2,940, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ 13,000 சொச்சம். ஆனா தூரம் கம்மின்னா நேரமும் கம்மின்னு அர்த்தம் இல்லை. துபாய்ல இருந்து பதினாறு மணி நேரம் உட்காரணும். சிங்கப்பூர்ல இருந்து கிழக்கே போறப்ப, அதுவும் குளிர்காலத்துல, காத்து பின்னாடி இருந்து தள்ளும். அறுநூறு கிலோமீட்டர் கூடப் போயும் ஒரு மணி முன்னாடி இறங்கலாம்.

பெங்களூர் - சான் பிரான்சிஸ்கோ நேரடி விமானம் 2021 ஜனவரியில தொடங்கினாக. சான் பிரான்சிஸ்கோவுல இருந்து வந்த முதல் விமானத்தை ஓட்டினது எல்லாம் பெண் விமானிகள், வடதுருவத்துக்கு மேல வந்தாக. கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர், பதினேழு மணி. இந்த மாதிரித் தடங்கள் வரும், நிக்கும், திரும்ப வரும். அதை நம்பித் திட்டம் போடாம அன்னன்னிக்கு அட்டவணையைப் பார்க்கறதுதான் புத்தி. அதோட ஆச்சிக்கு டிக்கெட் போட்டாச்சு அண்ணே, விடுங்க.

ஆச்சி, நான் பதினெட்டு வருஷமா இங்க. எங்க ஆத்தாவை இதே வழியில ரெண்டு தடவை அனுப்பியிருக்கேன், அதனால சொல்றேன். முதல் தடவை காசு மிச்சம் பண்றேன்னு திருச்சி - சிங்கப்பூர் ஒரு டிக்கெட்டு, சிங்கப்பூர் - சான் பிரான்சிஸ்கோ வேற டிக்கெட்டுன்னு தனித்தனியாப் போட்டேன். முதல் விமானம் ரெண்டு மணி நேரம் தாமதம். ரெண்டாவது விமானக் கம்பெனி, உங்க தாமதத்துக்கு நாங்க பொறுப்பில்லைன்னு கையை விரிச்சுட்டாக. ஆத்தா எங்க வீட்டுலயே நாலு நாள் இருந்து புது டிக்கெட்டுல போனாக. மிச்சம் பண்ணினதைப் போல ரெண்டு மடங்கு செலவு. உங்களுது ஒரே பி.என்.ஆர். நம்பரான்னு மகளைக் கேளுங்க. ஒரே நம்பர்னா முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததுல ஏத்திவிடறது அவுக பொறுப்பு, பெட்டியும் நேரா சான் பிரான்சிஸ்கோ போயிரும்.

சக்கர நாற்காலி இப்பவே எழுதி வைக்கச் சொல்லுங்க. நடக்க முடியுமேன்னு வீம்பு வேண்டாம். சாங்கி, அதான் சிங்கப்பூர் விமான நிலையம், அதுக்குள்ள நடக்கிற தூரம் உங்க வீட்டுல இருந்து பள்ளத்தூர் கடைத்தெருவுக்கு மூணு தடவை போய் வர்ற மாதிரி. நாற்காலி தள்றவுகளுக்கு எந்த வாசல்னு தெரியும், நீங்க போர்டு படிக்க வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவுலயும் இமிக்ரேஷன் வரிசை சீக்கிரம் நகரும்.

பதினைஞ்சு மணி உட்காரறதுக்கு நடைபாதை ஓரத்து சீட்டு கேளுங்க. ரெண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து பின்னாடி வரைக்கும் போயிட்டு வாங்க. காலுல ரத்தம் கட்டிக்கக் கூடாது.

எங்க ஐயா ரஜுலா கப்பல்ல வந்தவுக. 1926ல கட்டின கப்பல், 1973 வரைக்கும் ஓடுச்சு. மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர். ஒரு வாரம் போல ஆகும்னு சொல்லுவாக. டெக்குல பாய் விரிச்சுப் படுத்து, கூடையில கட்டிக் கொண்டுவந்த மாவுருண்டையும் தேன்குழலும் தின்னுக்கிட்டு. நீங்க அதைவிட அஞ்சு பங்கு தூரத்தை ஒரு பகலும் ராத்திரியுமாத் தாண்டுறீங்க.


பள்ளத்தூர் ஆச்சி:

எங்க அப்பச்சியும் ரஜுலாதான் தம்பி! மலேயாவுல ஈப்போவுல ஒரு கடையில பெட்டியடியில, அதாவது கணக்குப் பெட்டிகிட்ட இருந்தாக. மூணு வருஷக் கணக்கு முடிச்சு வந்தா எனக்கு அவுக அடையாளமே தெரியாது, பட்டாலைத் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவேன்.

மகளைக் கேட்டேன், ஒரே நம்பர்தானாம். நாற்காலியும் போட்டாச்சு.

வாத்தியார் சார், தம்பி சொல்ற அந்தக் காத்து என்ன காத்து? போறதுக்குப் பதினைஞ்சு மணின்னா திரும்பி வர்றதுக்கும் அதே பதினைஞ்சுதானே வரணும்? டிக்கெட்டுல பதினேழுன்னு போட்டிருக்கு.


தேவகோட்டை வாத்தியார்:

இதற்குத்தான் காத்திருந்தேன். முப்பதாயிரம் நாற்பதாயிரம் அடி உயரத்தில், ஜப்பான் இருக்கும் அகலாங்குப் பக்கம், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஓட்டம் என்பார்கள். தெற்கே வெப்பக் காற்றும் வடக்கே குளிர்க்காற்றும் மோதுகிற எல்லையில் அது உருவாகிறது. குளிர்காலத்தில் இந்த வெப்ப வித்தியாசம் அதிகம், ஓட்டமும் உக்கிரமாகும். மணிக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர்கூட எட்டும். 1920களில் வசபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானியர் பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் எழுதி வெளியிட்டார். உலகத்தில் ஒருவரும் படிக்கவில்லை! இதை வகுப்பில் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள், எனக்கு மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

விமானத்தின் வேகம் சுமார் 900 கிலோமீட்டர். பின்காற்று 150 இருந்தால் தரைக் கணக்கில் 1,050. திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில். அதைத் தவிர்க்க வேறு பாதையில் சுற்றுவார்கள், அப்படியும் இரண்டு மணி கூடும். வைகையில் வெள்ளம் வரும்போது பரிசலை எதிர்த்துத் தள்ளுகிற மாதிரி.

உங்கள் சீட்டில் இன்னொரு வரி சேருங்கள். விமான நேரம் 22 மணி என்றாலும் வாசலிலிருந்து வாசல் கணக்கு வேறு. பள்ளத்தூரில் மாலை ஆறரைக்கு வண்டி ஏறினால் திருமயம், புதுக்கோட்டை வழியாக ஏறக்குறைய 80 கிலோமீட்டர். விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருப்பதால் திருச்சி ஊருக்குள் போக வேண்டாம். எட்டரைக்குள் போய்விடலாம். சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிய ஒன்றரை மணி. பிரீமாண்ட் போக ஒரு மணி. மகள் வீட்டு வாசலில் நிற்கும்போது அங்கே காலை பதினொன்று இருக்கும், பள்ளத்தூரில் அடுத்த நாள் பிறந்து 12.30. முப்பது மணி நேரம்.

செட்டிநாடு ஸ்டேஷன் பக்கம் கால்நடைப் பண்ணையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அது மட்டும் உயிரோடு இருந்தால் முதல் இரண்டு மணி உங்களுக்கு மிச்சம். மாடு மேய்கிற இடத்தைப் பார்த்து இப்படி நான் பெருமூச்சு விடுவது வழக்கம்.


காரைக்குடி டிராவல்ஸ்:

ஆச்சி, தொழில் முறையில ரெண்டு வார்த்தை. உப்புக்கண்டம் வைக்காதீங்க, எந்த இறைச்சியும் அமெரிக்காவுக்குள்ள விட மாட்டாங்க. பச்சைக் கறிவேப்பிலை கூடாது. நோன்புக்கு ஆவாரம்பூ கொத்தோட கொண்டு போறேன்னு போன வருஷம் ஒரு ஆச்சி நின்னாங்க, அதுவும் ஆகாது. கொப்பரை பெட்டியில வைக்கவே கூடாது, இங்கயே எடுத்துருவாங்க. சீப்பு சீடை, தேன்குழல், மாவுருண்டை, அதிரசம் எல்லாம் தாராளமா. மசாலாப் பொடி, இழை மாவு எல்லாம் கைப்பையில வேண்டாம், பெரிய பெட்டியில போடுங்க. பொடின்னா சோதனையில நிறுத்திப் பார்ப்பாங்க. தின்கிற பொருள் என்ன இருந்தாலும் கேட்டா ஒளிக்காமச் சொல்லிருங்க. சொன்னா அதிகபட்சம் எடுத்துக்குவாங்க, மறைச்சா அபராதம்.


பள்ளத்தூர் ஆச்சி:

உப்புக்கண்டம் ஏற்கனவே காயப் போட்டாச்சு. இனி கொழுந்தன் வீட்டுக்குத்தான்.

இன்னொண்ணு கேட்கணும். சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடுறப்பதான் நோன்பு, அது நம்ம பஞ்சாங்கத்துல ஒரு சாயங்காலம் கூடுது. அதே நேரம் அங்க விடியக்காலை. அங்க சாயங்காலம் ஆகிறப்ப இங்க மறுநாள் காலை. எந்தச் சாயங்காலம் இழை எடுக்கறது?


கோட்டையூர்க்காரன் (சிங்கையிலிருந்து):

எங்க தங்கச்சி சான் ஹோசேல இருக்கா. அவ வீட்டுல அந்த ஊருக்குக் கணிச்ச பஞ்சாங்கத்தைப் பார்த்து, அந்த ஊர்ச் சாயங்காலம்தான். அவ மாமியார் மட்டும் ஊர்ல எடுக்கிற நேரத்துக்கே எடுக்கணும்னு விடியக்காலை ஐந்தரைக்கு எல்லாரையும் எழுப்பி ஒரு வருஷம் எடுத்தாக. பிள்ளைக அழுதுட்டுக. அடுத்த வருஷத்துல இருந்து சாயங்காலம் ஆயிருச்சு. உங்க மக அங்க உள்ள நகரத்தாரோட சேர்ந்து எடுக்கறான்னா அவுக வச்ச நாள்தான் ஆச்சி.


பள்ளத்தூர் ஆச்சி (பிரீமாண்டிலிருந்து):

வந்து சேர்ந்துட்டேன். பதினோரு நாள் ஆச்சு, இப்பத்தான் எழுத முடிஞ்சது.

திருமயம் கோட்டை பைரவர்கிட்ட ஒரு சிதறுகாய் போட்டுக் கிளம்பினோம். சிங்கப்பூர்ல விடியறதைக் கண்ணாடி வழியாப் பார்த்தேன், வாத்தியார் சொன்ன முதல் விடியல். விமானம் அரை மணி தாமதமாத்தான் கிளம்புச்சு. ஆனா பதினாலு மணி இருபத்தஞ்சு நிமிஷத்துல கொண்டு வந்து இறக்கிட்டான். காத்துதான். சீட்டுக்கு முன்னாடி இருந்த டிவியில வேகம் 1,080ன்னு ஒரு தடவை காட்டுச்சு, பக்கத்து சீட்டுப் பொண்ணுகிட்ட ஜெட் ஓட்டம்னு சொன்னேன், அது ஆச்சரியமாப் பார்த்துச்சு. சாப்பிட்டுக் கண் அசந்து முழிச்சா வெளியில இருட்டு. திரும்ப அசந்து முழிச்சா ஜன்னல் ஓரம் சிவப்பா விடியுது. கைக்கடிகாரம் ஊர் நேரம் ராத்திரி ஒன்பதுன்னு காட்டுது. இறங்கினது 8.20.

அதிரசத்தைப் பார்த்து அந்த அதிகாரி இது என்னன்னு கேட்டாரு. அரிசி, வெல்லம்னு சொன்னேன். அனுப்பிட்டாரு.

நோன்பு நல்லா நடந்துச்சு. இந்த ஊர்ச் சாயங்காலம்தான். பதினாலு குடும்பம். பேத்தி சுடரோட இழையை வாயில போட பயந்து நின்னா, நான் முதல்ல போட்டுக் காட்டினேன். தூக்கம்தான் இன்னும் ஒழுங்குக்கு வரல. முதல் வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டு இட்லிக்கு ஊறப் போட்டேன், மாப்பிள்ளை திருடன்னு நினைச்சு எழுந்து வந்துட்டாரு.

இப்ப ஒரு புதுச் சந்தேகம். திரும்புற டிக்கெட்டு ஜனவரி 20 ராத்திரி 11 மணிக்கு இங்க கிளம்பி, சிங்கப்பூர்ல 22 காலை 8 மணிக்கு இறங்குது. 21ஆம் தேதி எங்க போச்சு? எனக்குத் தேதியைப் பத்திக் கவலை இல்லை, ரத்த அழுத்த மாத்திரை இருக்கு. ஊர்ல ராத்திரி ஒன்பது மணிக்குப் போடறது. காரைக்குடி டாக்டர், அங்க காலை ஏழரைக்குப் போடுங்க, இடைவெளி மாறாதுன்னு சொல்லி அனுப்பினாரு, அப்படியே போட்டுக்கிட்டு இருக்கேன். மூணு அட்டை கொண்டு வந்தேன், முப்பது. 23ஆம் தேதி ரெண்டு தடவை விடிஞ்சுதே, அதுக்கு ரெண்டு கணக்கா? 21 விடியவே விடியாதுன்னா அதுக்கு மாத்திரை கிடையாதா?


தேவகோட்டை வாத்தியார்:

ஆச்சி, போகும்போது அதிகமாகக் கிடைத்த விடியலைத் திரும்பும்போது பிடித்துக்கொள்கிறார்கள். மேற்கே இரவோடு இரவாகப் பதினேழு மணி பறப்பீர்கள், தேதிக் கோட்டைத் தாண்டியதும் 21 முடிந்து 22 ஆகிவிடும். சிங்கப்பூரில் விடிவது 22.

மாத்திரைக்கு இந்த வம்பெல்லாம் வேண்டாம். பள்ளத்தூர் வீட்டுக் காலண்டரை மட்டும் பாருங்கள். அங்கே டிசம்பர் 22 ராத்திரி மாத்திரை போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினீர்கள். ஜனவரி 22 ராத்திரி மாத்திரைக்கு வீட்டில் இருப்பீர்கள். இடையில் டிசம்பரில் 9 நாள், ஜனவரியில் 21 நாள். சரியாக முப்பது. ஆனாலும் விமானம் தாமதமானால் கையில் ஒன்றும் இருக்காது, ஒரு அட்டை கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.


பள்ளத்தூர் ஆச்சி (பிரீமாண்டிலிருந்து):

முப்பதுதான் சார், சரியா வருது. காலண்டரைத் தினம் கிழிக்கச் சொல்லிக் கொழுந்தன் பேரன்கிட்ட விட்டுட்டு வந்தேன். போன்ல கேட்டேன், மூணு நாளாக் கிழிக்கவே இல்லையாம்.